பதினெட்டும் பச்சை

இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, தன் யானையைத் தூக்கி எதிராளியின் குதிரை நின்ற கட்டத்தில் வைத்தாள். குதிரையை ஓரமாகப் போட்டாள். கடிகாரத்தை அழுத்தினாள். எல்லாம் ஒரே மூச்சில்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த இருநூறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்குவது மேலுக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் சி-3 கட்டத்தில் நின்ற அந்த ஒற்றைக் குதிரைதான் வெள்ளை ராஜாவின் வாசலுக்குத் தாழ்ப்பாள். இப்போது தாழ்ப்பாள் இல்லை. கதவு ஆடிக்கொண்டிருந்தது.

மேசையிலிருந்து ஆறடி தள்ளி நின்ற தலைமை நடுவர் பூங்கொடி, கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். பச்சை.

ஜெசிந்தாவுக்குக் கறுப்புக் காய்; ஆடியது சிசிலியன் டிராகன். கறுப்புக் காய்க்காரர்களின் தற்காப்பு என்று பெயர்தான். உண்மையில் இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, யார் வீடு முதலில் விழுகிறது என்று பார்க்கும் ஆட்டம் அது. பூங்கொடிக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வயதில், சேலத்தில் நடந்த மாநிலப் போட்டியில், இதே ஜெசிந்தா இதே டிராகனை வைத்து அவளை இருபத்தொன்பது நகர்த்தலில் சுருட்டிப் போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் பூங்கொடி ஆடுவதை விட்டுவிட்டு, ஆடுகிறவர்களைக் கண்காணிக்கும் வேலைக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு ஜெசிந்தா அதை மனப்பாடமாக ஆடினாள். எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். அப்போது அது குற்றமில்லை.

இப்போது குற்றம்.

கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடி. போட்டியின் பத்தாவது நாள், கடைசிச் சுற்று. ஜெயித்தால் ஜெசிந்தா உலகக் கோப்பைக்குப் போவாள். நாற்பத்து நான்கு வயதில் இன்னொரு வாய்ப்பு வராது. எதிரே உட்கார்ந்திருந்த நிகிலேஷுக்கு வயது இருபத்திரண்டு. அவனுக்கு டிரா கிடைத்தாலே போதும், அவன் போய்விடுவான்.

இரண்டு பேர் தலையிலும் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. நினைவுமானி.

இருபத்தாறாவது நகர்த்தல் முடிந்தபோது மணி மூன்று நாற்பது. பூங்கொடியின் தோளுக்குப் பின்னால் யாரோ மெல்லத் தொண்டையைக் கனைத்தார்கள். நிகிலேஷின் பயிற்சியாளர் வரதராஜன்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளில வாங்க. ரூல் புஸ்தகத்தையும் எடுத்துண்டு வாங்க."

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் குரல் மாறியது.

"அந்தம்மாவோட மானியை நான் பாக்கணும். எனக்கு உரிமை இருக்கு."

பூங்கொடி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் எட்டு நகர்த்தல் யார் வேண்டுமானாலும் ஞாபகத்திலிருந்து ஆடலாம். ஒன்பதிலிருந்து யோசித்துத்தான் ஆட வேண்டும். யோசித்தால் பச்சை, ஞாபகத்திலிருந்து எடுத்தால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் ஆட்டம் போச்சு. ஜெசிந்தாவின் வரிசையில் ஒன்பதிலிருந்து இருபத்தாறு வரை எல்லாம் பச்சை.

"பதினெட்டு மூவ், பதினெட்டும் பச்சை" என்றார் வரதராஜன். "சந்தோஷம். ஆனா அந்தப் பதினெட்டும் அச்சடிச்ச மாதிரி புஸ்தகத்துல இருக்கே. எங்கப்பா காலத்துப் புஸ்தகம். இதுக்கு என்ன சொல்றேள்?"

"யோசிச்சு ஆடியிருக்கலாமில்லீங்களா?"

"யோசிச்சா ஒண்ணு ரெண்டு கண்டுபிடிக்கலாம். இந்தப் பதினெட்டைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே நாப்பது வருஷம் ஆச்சு மேடம். இந்தம்மா ரெண்டரை மணி நேரத்துல கண்டுபிடிச்சாங்களா?"

பூங்கொடி பச்சை வரிசையை மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

"இந்தப் பட்டையை எதுக்குக் கொண்டாந்தாங்க? கம்ப்யூட்டர் சொன்னதை முப்பது மூவ் மனப்பாடம் பண்ணிண்டு வந்து ரெண்டு பேரும் ஒப்பிச்சுட்டுப் போனா, பாக்கறவன் கொட்டாவி விட்டான். அதனால இனிமே மனப்பாடம் கூடாதுன்னாங்க. சரின்னு தலையாட்டினோம். நிகிலேஷ் ஆறு வயசுலேந்து படிச்சவன். அதை மறக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஏற்காட்டுல முகாம் போட்டு மாத்திரை முழுங்கினான். மாத்திரைக்கு செஸ் எது, மத்தது எதுன்னு தெரியுமா? அவன் தங்கை கல்யாணத்தை இப்ப வீடியோ போட்டுத்தான் பாத்துக்கறான். அவ்வளவு பண்ணியும் இன்னிக்கு அவனுக்கு ரெண்டு சிவப்பு. இன்னும் ஒண்ணு விழுந்தா காலி. அந்தம்மாவுக்கு ஜீரோ. ஒண்ணு, பட்டைல ஏதோ பண்ணியிருக்காங்க. இல்ல, யாரோ வெளிலேந்து சொல்றாங்க."

"எழுதிக் குடுக்கறீங்களா?"

"எழுதியே வெச்சிருக்கேன்" என்று மடித்த தாளை நீட்டினார். "நாப்பதாவது மூவுக்குள்ள முடிவு சொல்லணும். ரூல்."

புகார் நிரூபணமானால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும். ஐந்து வருடத் தடை. அதைவிடப் பெரிதாக, மோசடிக்காரி என்ற பெயர். பூங்கொடி தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் பக்கம் நடந்தாள்.

ஜெசிந்தாவின் கணவர் ரொமால்டு கடைசி வரிசையில் இருந்தார். ஆறடி ஆள். தூத்துக்குடியில் நாற்பது பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறவர், உரிமம் பெற்ற பயிற்சியாளர். ஜெசிந்தாவுக்கும் அவர்தான் பயிற்சியாளர். மடியில் எப்போதும் போல ஒரு தடித்த நோட்டு. பூங்கொடி அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஏமாத்து இல்ல மேடம். மாதா மேல சத்தியமா இல்ல."

"சத்தியத்தை ரிப்போர்ட்டுல எழுத முடியாதுங்க. அந்தப் பதினெட்டு மூவ் எப்படி வந்துச்சு? மானியில ஞாபகமே காட்டலை."

"ஞாபகம் இருந்தால்ல காட்டும்?"

அவர் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷம் முன்னால அவளுக்கு மூளைக் காய்ச்சல். பதினோரு நாள் நினைவில்லாம கெடந்தா. முழிச்சப்புறம் என்னையத் தெரிஞ்சுது. பேசுதா, சமைக்கா, காய் எப்படி நகரும்னு தெரியுது. படிச்சது மட்டும் மொத்தமா துடைச்சிட்டுப் போயிட்டு. புதுசா எது நடந்தாலும் ஒரு மணி நேரம் நிக்கும், சமயத்துல கொஞ்சம் கூட. அப்புறம் வழுக்கிட்டுப் போயிரும். பத்து நாளா உங்களை எந்த ஊருன்னு கேக்கால்லா?"

பூங்கொடியின் கை தன் பெயர் அட்டைக்குப் போனது. ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன்னால் ஜெசிந்தா அவள் சட்டையிலிருந்த பெயரைப் படித்துவிட்டு, "நீங்க பொள்ளாச்சிப் பக்கமா?" என்று கேட்பாள். பெரிய ஆட்டக்காரி, நடுவர் மூஞ்சியெல்லாம் எங்கே மனசில் நிற்கப் போகிறது என்றுதான் பூங்கொடி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த டிராகன்?"

"தினமும் காலைல பலகையைப் போட்டு, இதுல நீ என்ன ஆடுவேன்னு கேப்பேன். தினமும் அவளே கண்டுபிடிப்பா. முதல்ல நாலு மணி நேரம் ஆச்சு. இப்ப ரெண்டரை. மூளைக்கு ஞாபகம் இல்ல மேடம், பழக்கம் இருக்கு போல. அந்த யானையை வெட்டும்போது தினமும் என்னையப் பாத்து, ஏங்க, இதை யாராவது ஆடியிருக்காங்களான்னு கேப்பா. இல்லட்டி, நீதான் மொதல்லன்னு சொல்லுவேன்."

"அவங்களுக்கு இந்த விஷயம் தெரியுங்களா?"

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் மொதத் தடவை மாதிரியே அழுதா. அதுக்கப்புறம் சொல்லுதது இல்ல. நான் நோட்டுல எழுதி வெச்சிக்கிட்டு சமாளிக்கேன்."

பூங்கொடி விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. தேவைப்படவில்லை. போட்டியில் சேரும்போது பயிற்சியாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: ஆட்டக்காரரின் நினைவாற்றல் இயல்பானது. அது இயல்பாக இல்லையென்றால் நினைவுமானிக்கு அர்த்தமே இல்லை. அந்தப் படிவம் அவள் கோப்பில் இருக்கிறது. கீழே ரொமால்டின் கையெழுத்து.

"நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன்."

"உரிமம் போயிரும். மோசடின்னு கேஸ் போடுவாங்க. தெரியுமில்லீங்க?"

"தெரியும். அவளுக்கு ஆடணும்னு ஆசை. பலகைக்கு முன்னால உக்காந்தா அவளுக்கு எதுவும் கொறையா இல்ல மேடம். எல்லாம் கண்ணு முன்னாலயே இருக்குல்லா." அவர் நோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நோய்னு எழுதுனா அவளை வெளிய அனுப்பிருவிய. எழுதலைன்னா களவாணின்னு அனுப்பிருவிய. எதைன்னாலும் எழுதுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதிய."

விதிப்படி ஆட்டக்காரியிடமும் விளக்கம் கேட்க வேண்டும். நிகிலேஷ் நீண்ட யோசனையில் இருந்தபோது, பூங்கொடி ஜெசிந்தாவைக் கண்ணால் கூப்பிட்டாள்.

தாழ்வாரத்தில் ஜெசிந்தா வந்து நின்றாள். கண்கள் மினுங்கின. ஆட்டம் நன்றாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பூங்கொடியின் சட்டையைப் பார்த்தாள்.

"பூங்கொடி. நீங்க பொள்ளாச்சிப் பக்கமா?"

"ஆமாங்க" என்றாள் பூங்கொடி, பத்தாவது தடவையாக. "அக்கா, ஒரு புகார் வந்திருக்குதுங்க. நீங்க இதுவரைக்கும் ஆடினதெல்லாம் அப்படியே புஸ்தகத்துல இருக்குது. ஆனா மானியில சிவப்பே விழலை. அது எப்படின்னு கேக்கறாங்க."

"புஸ்தகத்துலயா? அந்த யானையை வெட்டுனதுமா?"

"அதுவுந்தாங்க."

"அடப்பாவி" என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு உண்மையிலேயே ஏமாற்றம். "மண்டைய ஒடச்சுக் கண்டுபிடிச்சேன். எனக்கு முன்னால ஒருத்தன் செஞ்சுட்டானா?"

பூங்கொடியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள். அது தப்பாகப் போயிற்று. எதிராளியின் கண் எங்கே போகிறது என்று பார்த்தே வாழ்ந்தவள் ஜெசிந்தா.

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டியளா?"

"கேட்டேனுங்க. விளக்கம் எதுவும் இல்லைன்னாரு."

"அவரு வாய் ஓயாம பேசுத ஆளு." ஜெசிந்தா கண்ணாடி வழியே கடைசி வரிசையைப் பார்த்தாள். ரொமால்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "விளக்கம் இல்லைன்னா சொன்னாரு?"

பூங்கொடி கோட்டுப் பையிலிருந்த புகாரைத் தடவிக்கொண்டாள்.

"நான் ஜெயிச்சா என்ன செய்வாங்க?"

"உலகக் கோப்பைக்குப் போகணும்னா, ஜெயிச்சதும் டாக்டருங்க வருவாங்க. தலையை ஸ்கேன் பண்ணுவாங்க. சேரும்போது குடுத்த படிவத்தோட ஒத்துப் பாப்பாங்க."

"ஒத்துப் போவலைன்னா?"

"கையெழுத்துப் போட்டவங்களைப் புடிப்பாங்க."

"யாரு போட்டிருக்கா?"

"உங்க வீட்டுக்காரருங்க."

ஜெசிந்தா கண்ணாடி வழியே இன்னொரு தடவை கடைசி வரிசையைப் பார்த்தாள். அழவில்லை, மேற்கொண்டு எதுவும் கேட்கவும் இல்லை. உள்ளே கடிகாரம் தட்டும் சத்தம் கேட்டது.

"பையன் ஆடிட்டான். என் நேரம் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்து நான்காவது நகர்த்தலில் பூங்கொடி வரதராஜனிடம் முடிவைச் சொன்னாள்.

"ஆட்டத்தை நிறுத்த மாட்டேன். நிறுத்தற அளவுக்கு ஆதாரம் இல்லீங்க."

"பேஷ்" என்றார் அவர். "அப்ப ஜெயிக்கட்டும். ஜெயிச்சதும் டாக்டர் பாப்பாரோல்லியோ? தலைக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

ஜெயிப்பதுதான் பொறி. அதைத் தெரிந்துகொண்டே பூங்கொடி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஜெயிக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒரு குரல். அந்த யானைப் பலி வீணாகக் கூடாது என்று இன்னொரு குரல். நடுவருக்கு இரண்டும் கூடாது.

பலகையில் தீ இரண்டு வீட்டிலும் பிடித்திருந்தது. நிகிலேஷின் ராணி கறுப்பு ராஜாவின் மூக்குக்கு நேரே நின்றது; இன்னும் ஒரே ஒரு காய் துணைக்கு வந்தால் போதும், ஜெசிந்தாவின் கதை முடிந்தது. ஆனால் ஜெசிந்தாவின் ராணி அதற்கு முன்னால் சி-3 கட்டத்தில் இறங்கி வெள்ளை ராஜாவுக்கு செக் வைத்தது. ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. ராணி பி-4க்குப் போய் மறுபடி செக். ராஜா மூலைக்குத் திரும்பியது.

இரண்டு பேருக்கும் மூன்று நிமிடம் கூட இல்லை. நாற்பதாவது நகர்த்தலைத் தாண்டினால் கூடுதலாக அரை மணி நேரம் கிடைக்கும். நேரம் குறையும்போது இப்படி ஒருமுறை முன்னும் பின்னுமாக செக் வைத்து நகர்த்தல் எண்ணிக்கையை ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். பலகையில் அதே நிலை மூன்றாவது தடவை வந்தால், எதிராளி டிரா கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

முப்பத்தெட்டாவது நகர்த்தல். ராணி சி-3. இரண்டாவது தடவை. ராஜா நகர்ந்தது.

பூங்கொடி பலகையைப் பார்த்தாள். சும்மா நிற்கிற கடைசி யானையை சி-8 கட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ராணிக்குப் பின்னால் துணை. கறுப்பு ராஜாவுக்குத் தப்பிக்க வழியும் திறக்கும். வெள்ளை அதற்கப்புறம் ஐந்து நகர்த்தல் தாங்காது. அவளுக்கே தெரிகிறது. ஜெசிந்தாவுக்குத் தெரியாதா?

முப்பத்தொன்பது. ராணி பி-4. செக். ராஜா மறுபடி மூலைக்குப் போனது.

இப்போது மாற்ற வேண்டும். இப்போதே. மறுபடி சி-3க்குப் போனால் மூன்றாவது தடவை.

ஜெசிந்தாவின் கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அவள் பலகையைப் பார்த்தாள். தன் தாளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால், கடைசி வரிசையில் எதையோ தேடினாள். ஒரு நிமிடம் பத்து. நிகிலேஷின் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் நெற்றியில் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நடுவர் வாயைத் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது. பூங்கொடி டேப்லெட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்ததில் விரல்கள் வெளுத்தன. யானை அக்கா, யானை.

நாற்பது வினாடி.

ஜெசிந்தா கையை நீட்டினாள். ராணியைத் தூக்கினாள்.

சி-3.

நிகிலேஷ் ஒரு கணம் நம்பவில்லை. தன் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். மறுபடி மேலே போய் எண்ணினான். கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான்.

"மேடம். அதே பொசிஷன் மூணாவது தடவை. டிரா கேக்கறேன்."

பூங்கொடி இரண்டு தாள்களையும் பதிவையும் ஒத்துப் பார்த்தாள். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. சந்தேகத்துக்கு இடமில்லை.

"கோரிக்கை சரி. ஆட்டம் டிரா" என்றாள். அவள் குரலே அவளுக்கு யாருடையதோ போல் கேட்டது.

நிகிலேஷ் கை குலுக்கினான். "சாரி மேம். எனக்கு வேற வழியில்ல" என்றான் தாழ்ந்த குரலில்.

"நல்லா ஆடுன தம்பி" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான்.

வெளியே வரதராஜன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஆள் உலகக் கோப்பைக்குப் போய்விட்டான்; ஆனாலும் ஆட்டக்காரர் மனசு கேட்கவில்லை.

"ஜெயிச்ச ஆட்டம் மேடம். எல்.கே.ஜி. பசங்க பண்ற தப்பு. மெஷின் சொல்லிக் குடுத்து ஆடறவ இப்படியா மூணு தடவை சுத்துவா? அந்தத் தாளைக் குடுங்கோ." புகாரை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார். "பாவம். வயசாச்சு, எண்ணிக்கை தப்பிடுத்து. நான் வேற கன்னாபின்னான்னு பேசிட்டேன்."

புகார் இல்லை. ஜெயிக்கவும் இல்லை. ஆகவே டாக்டர் இல்லை, ஸ்கேன் இல்லை, படிவத்தை யாரும் தேடப் போவதில்லை. பூங்கொடி அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் நிற்கும் என்றார் ரொமால்டு; இன்றைக்கு ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை போலிருக்கிறது. அந்த நோய் கடைசியில் டிராகனையும் தின்றுவிட்டது. ரொமால்டைக் காப்பாற்றியதும் அதே நோய்தான். என்ன நியாயம் இது என்று அவளுக்குப் புரியவில்லை.

மற்ற மேசைகள் முடிய மணி ஐந்தே முக்கால் ஆயிற்று. அதன் பிறகுதான் தாள்களை அடுக்க உட்கார்ந்தாள். உலகம் எங்கெங்கோ போய்விட்டாலும் செஸ்காரர்கள் கார்பன் தாளை விடவில்லை. ஆட்டக்காரர் கைப்பட எழுதிய மேல்தாள் நடுவருக்கு. அடியில் விழுந்த நகல் ஆட்டக்காரருக்கு.

ஜெசிந்தாவின் தாளைக் கோப்பில் வைக்கப் போனவள் நின்றாள்.

முப்பத்தாறாவது வரியில், ராணி சி-3 என்று எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. முப்பத்தெட்டாவது வரியில் இரண்டு புள்ளி. நாற்பதாவது வரியில், அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக, மூன்று புள்ளி.

நிலை எத்தனை தடவை திரும்பியது என்று எண்ணிக்கொள்ள ஆட்டக்காரர்கள் வைக்கும் புள்ளி. தவறிப்போய் மூன்றாவது தடவை ஆடிவிடாமல் இருக்க வைப்பது.

அவள் மறக்கவில்லை. எண்ணியிருக்கிறாள்.

பூங்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

ஹோட்டலின் கீழ்த்தளத்தில், வரவேற்பறை சோபாவில் ஜெசிந்தா தனியாக உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெட்டி. கையில் அந்தக் கார்பன் நகல். பூங்கொடி வேகமாக வருவதைப் பார்த்து, சட்டையிலிருந்த பெயரைப் படித்தாள்.

"நீங்கதானே நடுவர்? நல்ல நேரத்துல வந்திய. இது என் கையெழுத்துதானே?"

"ஆமாங்க அக்கா."

"பின்ன ஏன் டிரான்னு போட்டிருக்கு? இந்த எடத்துல யானையை சி-8ல வெச்சா முடிஞ்சுது. நான் ஏன் வைக்கல?"

ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. தாழ்வாரத்தில் பேசியது போய்விட்டது. அந்தக் கடைசி ஒரு நிமிடம் ஐம்பது வினாடியும் போய்விட்டது.

"விடுங்கக்கா. முடிஞ்சு போன ஆட்டம். அந்த நகலை நான் வாங்கிக்கட்டுங்களா?"

"நகலு ஆட்டக்காரிக்குத்தானே?" ஜெசிந்தா தாளை விடவில்லை. புருவங்கள் நெருங்கின. அந்த முகத்தைப் பூங்கொடி இன்றைக்குப் பகல் முழுவதும் மேசையில் பார்த்திருந்தாள். "புள்ளி வெச்சிருக்கேன் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்ப எண்ணிருக்கேன். எண்ணிட்டே ஆடிருக்கேன்."

"அக்கா, வேண்டாங்க."

"அப்ப எனக்கு ஜெயிக்க வேண்டாம்னு இருந்திருக்கு. ஏன்?" அவள் பூங்கொடியிடம் கேட்கவில்லை. தாளிடம் கேட்டாள். "ஜெயிச்சா யாருக்கோ கெடுதல் வரும்னு பாத்திருக்கேன். எனக்கா? எனக்குன்னா விட்டிருக்க மாட்டேன். வந்தா வரட்டும்னு யானையை வெச்சிருப்பேன்."

வாசல் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ரொமால்டு உள்ளே வந்தார். இரண்டு கையிலும் டீ. கக்கத்தில் நோட்டு. தளும்பாமல் இருக்க அடி அடியாக வைத்து நடந்து வந்தார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். பிறகு அந்த நோட்டைப் பார்த்தாள். அவர் நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. பூங்கொடி ஆயிரம் ஆட்டம் பார்த்தவள். கடைசி நகர்த்தல் வரை கணக்கு முடிந்துவிட்ட முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குத்தானா?" என்று கேட்டாள் ஜெசிந்தா, மிக மெதுவாக. "எனக்கு மனசுல நிக்காததை எல்லாம் அவரு அந்த நோட்டுல எழுதுதாரா?"

பூங்கொடி வாயைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

ஜெசிந்தா நகலை நான்காக மடித்து, பூங்கொடியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கிழிச்சுப் போட்டிருங்க. நாளைக்குப் பாத்தா திரும்பவும் கண்டுபிடிச்சிருவேன்."

ரொமால்டு வந்து டீயை நீட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. பூங்கொடியைப் பயத்தோடு பார்த்தார். பிறகு மனைவியிடம், சாதாரணமாகப் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"என்னட்டி, கையில இருந்த ஆட்டத்தை இப்படி விட்டுட்ட?"

ஜெசிந்தா டீயை வாங்கி ஊதினாள்.

"எண்ண மறந்துட்டேங்க" என்றாள்.